அண்ணனின் பட்டாளத்துப் பென்சனும் தங்கையின் சி.பி.எஸ். கணக்கும்

கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"நான் 2007இல் பணியில் சேர்ந்தேன், சி.பி.எஸ். என்னும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். என் அண்ணன் 1996இல், 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, 22 ஆண்டுகள் பணியாற்றி, 2018இல் ஹவில்தாராக வெளியே வந்தார். இப்போது ஒரு நூற்பாலையில் காவல் மேற்பார்வையாளராக மாதம் 16,000 ரூபாய் வாங்குகிறார். அவருக்கு அகவிலைப்படியுடன் 35,000 ரூபாய் பென்சன் என்று எங்கள் நங்கை (அண்ணி) வாய்தவறிச் சொன்னார். கேண்டீன் உண்டு, மருத்துவம் உண்டு, வந்த கையோடு வீடும் கட்டிவிட்டார். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, 'நாப்பத்தொரு வயசுலிருந்து எங்க வரிப்பணத்துல பென்சன். அறுபது வயசு வரைக்கும் பாடம் நடத்தற எனக்கு என்ன இருக்குது?' என்று கேட்டுவிட்டேன். அண்ணன் கோபப்படவில்லை. 'அம்மிணி, அந்தப் பணத்துல உன்ற பங்கு எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துடறேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு பேசவில்லை. நான் கேட்டதில் நியாயமே இல்லையா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகன் அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். அவனுக்கும் மாமனைப் போலப் பென்சன் வருமா?"

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பதில் சொல்லுமுன் என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். மாவட்டக் கருவூலத்தில் ஓய்வூதியப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஈரோட்டில் ஓய்வூதியக் கோப்புகளுக்கு ஆலோசனை சொல்லிவருகிறேன். 2003க்கு முன்பே பணியில் சேர்ந்தவன் என்பதால், என் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கென்று ஒரு ரூபாயும் பிடிக்கப்படவில்லை; எல்லையில் ஒரு நாளும் நிற்கவும் இல்லை; ஆனாலும் கடைசிச் சம்பளத்தில் பாதியை மாதம் தவறாமல் வாங்குகிறேன். உங்கள் குடும்பச் சண்டையில் யாராவது ஒருவர் கூச்சப்பட வேண்டுமென்றால், அது உங்கள் அண்ணனுக்கு முன்னால் என்னைப் போன்றவர்கள்தான்.

நீங்கள் ஒப்பிட்டது அவருடைய மாதத் தொகையை. ஓய்வூதியத்தை அப்படி ஒப்பிட்டால் விடை எப்போதும் தவறாகத்தான் வரும். எந்த வயதில் வெளியே அனுப்பினார்கள், யார் விருப்பத்தில் அனுப்பினார்கள், அதனால் எதை இழந்தார் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ராணுவத்தில் அதிகாரி அல்லாதவர்கள் 15 ஆண்டுப் பணியில் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால், அவர்களுக்கு 60 வயது வரை வேலை செய்யும் உரிமை கிடையாது. படைக்கு இளம் உடல்கள் வேண்டும் என்பதற்காக, பதவிக்கு இத்தனை ஆண்டு, இத்தனை வயது என்று வரம்பு வைத்து, பெரும்பாலானவர்களை 35க்கும் 50க்கும் இடையில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது அரசு. உங்கள் அண்ணனுக்கு 41 வயதில் வேலை செய்யத் தெம்பு இருந்தது, பதவிதான் இருக்கவில்லை. ஆகவே அவர் வாங்கும் தொகை, செய்த வேலைக்காகத் தள்ளிவைக்கப்பட்ட ஊதியமும், வேலையைப் பாதியில் நிறுத்தியதற்கான ஈடும் கலந்த ஒன்று. உங்களுக்கும் எனக்கும் உரிய ஓய்வூதியத்தில் முதல் பகுதி மட்டுமே இருக்கிறது.

கணக்கு ஆசிரியையா, தமிழ் ஆசிரியையா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னுடன் வாருங்கள். அகவிலைப்படி சேர்த்து 35,000 என்றால், உங்கள் அண்ணனின் அடிப்படை ஓய்வூதியம் 22,200 ரூபாய் அளவில் இருக்கும். அதாவது அவர் வெளியே வந்தபோது அடிப்படைச் சம்பளம் 39,200, அதோடு படைப்பணி ஊதியம் என்று எல்லா ஜவான்களுக்கும் தரப்படும் 5,200, ஆக 44,400, அதில் பாதி. அவரை உங்களைப் போல 60 வயது வரை வைத்திருந்தால், பதவி உயர்வே இல்லாமல், ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வு மட்டும் கொடுத்திருந்தாலும், 19 ஆண்டுகளில் அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 68,700 ஆகியிருக்கும். ஓய்வூதியமும் 22,200க்குப் பதிலாக 37,000 அளவில் தொடங்கியிருக்கும். அந்த 19 ஆண்டுகளில் சம்பளமாக மட்டும் 1 கோடியே 30 லட்சம் ரூபாய் வந்திருக்கும். ஓய்வூதியமாக அதே காலத்தில் அவருக்கு வருவது 50 லட்சத்துச் சொச்சம். அகவிலைப்படி இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் ஏறும் என்பதால் அதை நான் சேர்க்கவில்லை. ஊதியக்குழுத் திருத்தங்களையும் விட்டுவிட்டேன். மீதி 80 லட்சத்தை அவர் வெளியில் சம்பாதித்தால்தான் 60 வயது வரை பணியில் இருந்திருக்கக்கூடிய தன்னோடு சமமாவார். அதற்கு மாதம் சுமார் 35,000 ரூபாய் வேண்டும், அதுவும் அகவிலைப்படி சேர்க்காமல். நூற்பாலை தருவது 16,000.

முன்னாள் படைவீரர்களுக்கான ஒதுக்கீட்டில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ இரண்டாவது வேலை கிடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி முடியும் என்பதையும் மறைக்கக்கூடாது. ஹவில்தாரின் ஓய்வூதியத்தை விட்டுவிட்டுத்தான் புதிய சம்பளத்தை நிர்ணயிப்பார்கள் என்பதால், அவர்களில் பலர் 60 வயது வரை பணியில் இருந்த ஒருவரைவிட முன்னால் போய்விடுகிறார்கள். உங்கள் கோபம் அவர்களைப் பார்த்து எழுந்திருந்தால் எனக்குப் பதில் சொல்வது கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும். ஆனால், ஒதுக்கீடு இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. ஆலை வாசலிலும் சாயப்பட்டறை வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் விசில் கட்டி நிற்கும் பழைய நாயக்குகளையும் ஹவில்தார்களையும் திருப்பூர்ச் சாலையில் போகிற எவரும் பார்க்கலாம்.

வீடு கட்டியதைப் பற்றி ஒரு சொல். படையினர் தங்கள் ஓய்வூதியத்தில் 50 விழுக்காடு வரை முன்கூட்டியே தொகையாக மாற்றிக்கொள்ளலாம்; மத்திய அரசின் குடிமைப் பணியாளர்களுக்கு அது 40, என்னைப் போன்ற மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. மாற்றிக்கொண்ட பகுதி 15 ஆண்டுகளுக்கு மாத ஓய்வூதியத்தில் கழியும். உங்கள் அண்ணன் வழக்கம்போல் பாதியை மாற்றியிருந்தால், அந்த வீடு அவர் தன் ஓய்வூதியத்தை 2033 வரை அடகு வைத்துக் கட்டிய வீடு. காகிதத்தில் 35,000 என்றாலும் கைக்கு வருவது 24,000 அளவில்தான் இருக்கும். நங்கை சொன்ன எண்ணும் பொய்யில்லை, நான் சொல்லும் எண்ணும் பொய்யில்லை. அந்தத் தொகைக்கு அவர் வருமான வரிக் கணக்கும் காட்ட வேண்டும். ஊனமுற்று வெளியேற்றப்பட்டவர்களின் ஓய்வூதியம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு உண்டு, சாதாரணப் பணி ஓய்வூதியத்துக்கு இல்லை. 'எங்க வரிப்பணம்' என்று நீங்கள் சொன்ன சொல் அவரை எங்கே தைத்திருக்கும் என்று இப்போது புரியும்.

ஒரு நவம்பர் மாதம், உயிர்வாழ் சான்றுக்காக ஒரு வங்கிக் கிளையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஊன்றுகோல்கள், மஃப்ளர்கள், மகள் கையைப் பிடித்து வந்த பாட்டிமார்கள். நடுவில் நெஞ்சு நிமிர்ந்து, முடி ஒட்ட வெட்டிய ஒருவர், நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். அவர் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண், தலை நிமிராமலே, "அப்பாவைக் கூட்டீட்டு வரலீங்களா?" என்று கேட்டார். "நான்தானுங்க பென்சனர்" என்று அவர் சொன்னபோது வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். ஊர் முழுக்க உழைத்துக்கொண்டிருக்கும் வயதில் 'ஓய்வு பெற்றவர்' என்று பெயர் வாங்குவது எவ்வளவு சங்கடம் என்பது எங்கள் பிரிவின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செலவு.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது, முழுவதாகவே இருக்கிறது. அது போக வேண்டிய முகவரிதான் வேறு. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல, ஊழியர் தன் உழைப்பால் ஈட்டிய உரிமை என்று நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. படையினரும் குடிமைப் பணியாளர்களும் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறார்கள். அந்த வழக்கைத் தொடுத்த நகரா சீருடைக்காரர் அல்லர், பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற குடிமைப் பணியாளர். அந்த உரிமையை உங்கள் தலைமுறைக்கு 2003 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு அரசும், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசும் மாற்றியமைத்தன. உங்கள் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, வட்டியுடன் ஒரு கணக்கில் வைத்தார்கள்; மாதந்தோறும் எவ்வளவு வரும் என்ற உறுதியை எடுத்துவிட்டார்கள். முப்படைகளுக்கு மட்டும் அந்த மாற்றத்திலிருந்து விலக்கு கிடைத்ததற்குக் காரணம் வெறும் நன்றியுணர்ச்சி அல்ல. 17 ஆண்டு சேமிப்பை வைத்துக்கொண்டு, 37 வயதிலிருந்து இன்னொரு 40 ஆண்டை ஓட்ட எந்த நிதித் திட்டத்தாலும் முடியாது, கணக்கே ஒத்துவராது.

2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்து, 10 விழுக்காடு பங்களிப்பைத் தொடரச் சொல்கிறது. அதன்படி உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த 10 விழுக்காட்டிலும் வயதிலும் வந்து நிற்கும். அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஆண்டுக்கணக்கில் சாலைக்கு வந்து போராடியதை நீங்கள் அறிவீர்கள், கலந்துகொண்டும் இருக்கலாம். பணியில் இருக்கும் சிப்பாய்க்குச் சங்கம் கிடையாது, வேலைநிறுத்தம் கிடையாது. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கேட்டு 2015இல் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே வெளியே வந்த கிழவர்கள்.

அந்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நியாயத்தைப் பேசும்போது அதைத் தாண்டிப் போக முடியாது. 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தின்படி, ஒரே பதவியில் ஒரே பணிக்காலம் முடித்தவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓய்வூதியத்தைச் சமன் செய்கிறார்கள். 2019, 2024 ஆகிய ஆண்டுகளின் ஜூலையை வைத்துத் திருத்தியும் விட்டார்கள். இது எந்தக் குடிமைப் பணியாளருக்கும் இல்லாத சலுகை. 41 வயதில் போன ஹவில்தாருக்கு இது மிகச் சரி, ஏனென்றால் பழைய சம்பளத்தின் நிழலில் அவர் நம்மைவிட இருபது ஆண்டு கூடுதலாக வாழ வேண்டியிருக்கிறது. ஆனால், 60 வயதில் ஓய்வு பெறும் லெப்டினன்ட் ஜெனரலுக்கு அதே வாதத்தை எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அதே வயதில் போகும் மாவட்ட நீதிபதிக்கோ தலைமைப் பொறியாளருக்கோ இல்லாத இழப்பு அவருக்கு இதில் எதுவும் இல்லை. சீக்கிரம் அனுப்பப்படுவதுதான் அடிப்படை என்றால், சலுகை கீழ்ப்பதவிகளில் கனமாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. படை அதிகாரிகள் பலர் இதை ஏற்கமாட்டார்கள்.

உயிர் ஆபத்துதான் அளவுகோல் என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் மத்திய ரிசர்வ் காவல் படையின் காவலர் எங்கே நிற்கிறார்? காஷ்மீரிலும் பஸ்தர் காடுகளிலும் குண்டுக்கு முன்னால் நிற்கும் அவர், 2004க்குப் பின் சேர்ந்திருந்தால், உங்களைப் போலவே பங்களிப்புத் திட்டத்தில்தான் இருக்கிறார். அந்தப் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய ஓய்வூதியம் அவர்களுக்கும் உரியது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னதை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அநீதி என்ற சொல்லை எங்காவது தயங்காமல் பயன்படுத்தலாம் என்றால், அது அங்கே. நம் ஊரிலேயே இன்னொன்று உண்டு: உங்கள் அண்ணன் காவல் காக்கும் அதே நூற்பாலையில் 35 ஆண்டு சுழல்கதிர் முன் நின்ற தொழிலாளிக்கு, பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்பால், சூத்திரப்படி மிக அதிகமாகப் போனாலும் 7,500 ரூபாயை ஒட்டித்தான் வரும். பலருக்கு அதில் பாதிகூட வருவதில்லை, அகவிலைப்படியும் கிடையாது, குறைந்தபட்சம் 2014இல் வைத்த 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. நீங்களும் அண்ணனும் நோம்பியில் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அப்படி ஒருவர் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்குச் சுற்றிவளைக்காத பதில்: வராது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. மாதம் 30,000இல் தொடங்கி நான்காம் ஆண்டில் 40,000 ஆகும் ஊதியத்தில் 30 விழுக்காட்டைப் பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, முடிவில் வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள். அதில் ஏறக்குறைய 5 லட்சம் அவனுடைய சொந்தப் பணம். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. நால்வரில் ஒருவர் வரைதான் நிலையான பணிக்கு எடுக்கப்படுவார்கள். அப்படி எடுக்கப்பட்டால்தான் மாமன் வழி திறக்கும். உடலும் விருப்பமும் இருந்தால் போகட்டும், 22 வயதில் கையில் ஒரு தொகையும் ஒழுங்கும் இருப்பது சிறிய காரியம் இல்லை. ஆனால், சேர்வதற்கு முன்பே தொலைநிலைப் பட்டத்துக்கோ தொழிற்கல்விக்கோ வழி பார்த்து வையுங்கள். தொகை வந்ததும் அதைக் கொண்டு கார் வாங்கமாட்டேன் என்று இப்போதே பேசிவையுங்கள். இளமையில் வெளியே அனுப்புவதற்கு ஈடாகத்தான் ராணுவ ஓய்வூதியம் என்று மேலே பல பத்திகள் எழுதினேன். இன்னும் இளமையிலேயே அனுப்பிவிட்டு ஈட்டையும் எடுத்துவிட்ட திட்டம் இது என்பதை நான் சொல்லாமலே கவனித்திருப்பீர்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. உங்கள் சி.பி.எஸ். கணக்குத்தாளை 2007 முதல் ஆண்டுவாரியாக எடுத்து, விடுபட்ட மாதங்கள் உண்டா என்று சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இடமாறுதல் நடந்த ஆண்டுகளில்தான் வழக்கமாகப் பிடித்தம் காணாமல் போகும், ஓய்வு பெறும் ஆண்டில் அதைத் தேடுவது கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவது போலிருக்கும். அண்ணனின் பக்கம், 2024 ஜூலைத் திருத்தம் படையினர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உள்ள அவருடைய கணக்கில் ஏறியிருக்கிறதா, பதவியும் பணிக்காலமும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்ப்பவர் அதையெல்லாம் திறந்து பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. பிழை இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதவும் வழிகாட்டுவார்கள்.

இதை வைத்தே அவர் வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தால் அவர் மறுபடி எழுந்து போய்விடுவார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. மகனைக் கூட்டிக்கொண்டு, "மாமனிடம் கேட்டுட்டுப் போடா" என்று முன்னால் விடுங்கள். தாய்மாமனிடம் மருமகன் யோசனை கேட்டு வந்தால் அவர் பேசாமல் இருக்க முடியாது. அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள், உங்கள் கணக்குத்தாளையும் பக்கத்தில் வையுங்கள். எந்த மாதத் தொகை எங்கிருந்து வருகிறது என்று பையன் கேட்கட்டும், அவரே சொல்லட்டும்.